உதட்டோரம் ஒரு கொப்புளம்

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில், திருப்பூர்த் தொடர்வண்டி நிலையத்திற்கு அண்மையிலுள்ள காதர்பேட்டைக்குச் சென்றிருந்தோம். உறவினர் இல்லத்தில் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்திருந்தனர். அதற்கெனப் பருத்திச் சட்டைகள் சில வாங்கவேண்டியிருந்தது. காதர்பேட்டையைக் காணாதவர்க்கு ஒரு சொல்: அங்கே தெருவின் இருமருங்கும் பனியனும் ஜட்டியும் சிறுவர் உடுப்புகளும் கடைக்குக் கடை குன்றெனக் குவிந்திருக்கும். ஏற்றுமதிக்கெனத் தைத்து மிஞ்சியவை, சிறு குறையினால் கழிக்கப்பட்டவை, உள்நாட்டு விற்பனைக்கென்றே தைக்கப்பட்டவை என யாவும் கிடைக்கும்.

நாம் நுழைந்த கடையில் அளவு பார்த்து எடுத்துத் தந்த இளம்பெண், பேசும்போதெல்லாம் துப்பட்டாவின் நுனியால் வாயை மறைத்துக்கொண்டாள். கைநழுவிய ஒரு கணத்தில் கண்டோம். கீழுதட்டின் ஓரத்தில் சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும்பி, ஒன்றிரண்டு உடைந்தும் இருந்தன. "பூச்சி கடிச்சுப்போட்டுதுங்கய்யா" என்றாள், நாம் கேளாமலே. நாம் இதழ்களில் உடல்நலம் பற்றி எழுதுவதை உடன் வந்தவர் சொல்லக்கேட்டபின், கடையில் கூட்டம் குறைந்த வேளையில் உண்மையைச் சொன்னாள். இவ்வாண்டில் இது மூன்றாம் முறையாம். உடன் வேலை செய்யும் ஒருத்தி கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, இதற்கு 'ஹெர்பிஸ்' என்று பெயர், இது தகாத உறவினால் வரும் நோய் என்று சொல்லிவிட்டாளாம். அன்று முதல் தண்ணீர்க் குடத்தின் அருகே இவளுடைய டம்ளர் மட்டும் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மாதத்தில் நிச்சயதார்த்தம். "இது கெட்ட வியாதிங்களா?" என்று கேட்கும்போது அவள் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்கு அங்கே நின்றபடி சுருக்கமாகச் சொன்னதை, இங்கே வாசக அன்பர்களுக்குச் சற்று விரித்துச் சொல்ல விழைகிறோம். ஏனெனில் இந்தப் புண்ணை ஒருமுறையேனும் காணாத இல்லம் நம் பங்குகளில் இராது.

முதற்கண் ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். வாயைச் சுற்றி வரும் புண்கள் யாவற்றையும் நாம் 'வாய்ப்புண்' என்ற ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். கன்னத்தின் உட்புறத்திலும் நாவின் விளிம்பிலும் வெள்ளைக் குழியாகத் தோன்றி, காரம் பட்டால் எரிகின்ற புண் வேறு. மணத்தக்காளிக் கீரையைத் தேடி ஓடுகிறோமே, அது அந்தப் புண்ணுக்குத்தான். அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. வாயின் இரு கோடிகளிலும் தோல் வெடித்து, கொட்டாவி விடும்போது வலிக்கின்ற கடைவாய்ப் புண் வேறு. சத்துக்குறைவு, பொருந்தாத பல்செட்டு, காளான் தொற்று முதலிய காரணங்களால் அது வரும். நாம் இன்று பேசுவது மூன்றாவது வகை. உதட்டின் வெளிவிளிம்பில், தோலும் சிவந்த உதடும் கூடும் கோட்டில், முதலில் குறுகுறுப்பும் எரிச்சலும் தோன்றும். ஒரு நாளுக்குள் நீர்கோத்த சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும். அவை உடைந்து, பொருக்குக் கட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் தழும்பின்றி ஆறும். பெரும்பாலும் முன்பு வந்த அதே இடத்திலேயே மறுமுறையும் வரும்.

இதற்குத் தமிழில் நிலைத்த பெயர் ஒன்றும் இல்லை. சூட்டுக்கொப்புளம் என்பார் சிலர், பூச்சிக்கடி என்பார் சிலர், அக்கி என்பாரும் உண்டு. அக்கி என்று நம் முன்னோர் அழைத்தது பெரும்பாலும் மார்பிலோ இடுப்பிலோ ஒருபுறமாகப் பட்டைபோல் படர்வது. குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதிக்கொள்வார்களே, அது. அதனை உண்டாக்குவது சின்னம்மையின் கிருமி. உதட்டுக் கொப்புளத்தின் கிருமிக்கு அது நெருங்கிய உறவு என்றாலும் அதுவே இது அன்று. ஆங்கிலேயர் இப்புண்ணைச் சளியின் பெயராலும் காய்ச்சலின் பெயராலும் அழைக்கின்றனர். அவர்கள் குளிர்ச்சியோடு சேர்த்ததை நாம் சூட்டோடு சேர்த்திருக்கிறோம்! சளியும் சூடும் காரணம் அல்ல. எனினும் இரு மக்களும் கண்ணாரக் கண்டு வைத்த பெயர்களில் ஓர் உண்மைத்துளி இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

காரணம் ஒரு வைரசு. 'ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்' முதல் வகை என்பது அதன் பெயர். ஹெர்பிஸ் என்னும் சொல், ஊர்ந்து செல்லுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இப்போ கிரேட்டஸ் காலத்து மருத்துவ நூல்களிலேயே காணப்படும் பழஞ்சொல். படரும் தோற்றத்தைக் கண்டு இட்ட பெயரே அன்றி, ஒழுக்கத்தைப் பற்றிய சொல் அன்று. இக்கொப்புளத்து நீரை முயலின் கண்ணில் இட்டு, இது தொற்றும் பொருளே என்று 1919-இல் லொவென்ஸ்டைன் என்பார் சோதித்துக் காட்டினார்.

ஆனால் ஒரு புதிர் எஞ்சியிருந்தது. தொற்றுநோய் எனில் நோயாளியோடு பழகிய பின்னரே வரவேண்டும் அன்றோ? யாரோடும் பழகாமல் அறையில் தனித்துக் காய்ச்சலில் படுத்திருந்தவருக்கு இது எங்ஙனம் வந்தது? இதற்கு விடை கூறியவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலிய நாட்டு அறிஞர் பர்னெட். பிற்காலத்தில், 1960-இல், வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர். 1939-இல் அவரும் அவருடைய துணைவர் ஒருவரும் சொன்ன கருத்து இது: மக்கள் இக்கிருமியைச் சிறுவயதிலேயே பெற்றுவிடுகின்றனர், அது உடலை விட்டு நீங்குவதில்லை, பின்னாளில் எழும் கொப்புளங்கள் யாவும் அந்தப் பழைய கிருமியின் வேலையே. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது 1970-களில் ஐயமற விளங்கிற்று. முகத்தின் தொடுவுணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு ஒன்று உண்டு. மண்டையோட்டின் அடிப்புறத்தில் அதற்கு ஒரு முடிச்சு. அம்முடிச்சிலிருந்து கண்பக்கம், மேல்தாடை, கீழ்த்தாடை என மூன்று கிளைகள் பிரிகின்றன. உதட்டில் நுழைந்த வைரசு நரம்பின் வழியே மேலேறி அந்த முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உடலின் காவற்படைக்கு அங்கே அதைக் கண்டு ஒழிக்க இயலுவதில்லை. ஆண்டுக்கணக்கில் உறங்கும். உடல் சற்றுத் தளர்ந்த வேளையில் விழித்து, வந்த நரம்பின் வழியே கீழிறங்கி, அதே உதட்டோரத்தில் வெளிப்படும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

உறங்குவதை எழுப்புபவை எவை? காய்ச்சல் முதலாவது, நாம் மேலே சொன்ன உண்மைத்துளி இதுதான். சளிக்காய்ச்சல், மலேரியா, நுரையீரல் அழற்சி ஆகியவற்றின்போது உதடு வெடிப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் குறித்து வந்துள்ளனர். அடுத்தது கடும் வெயில். கதிரவனின் புறஊதாக் கதிர் உதட்டில் படுவது இதனைக் கிளப்பும். பின்னர், தூக்கமின்மை, மனக்கவலை, மகளிர்க்கு மாதவிலக்கு நாட்கள், பல் பிடுங்குதல். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பி, விடியலில் சமையலுக்கு எழும் பெண்ணிடம் 'உடம்பைத் தளரவிடாதே' என்று நாம் அறிவுரை கூறுவது எளிது. அவளால் அதைக் கடைப்பிடிக்க இயலுமா என்பது வேறு. காதர்பேட்டைப் பெண்ணிடம் கேட்டோம். மூன்று முறையும் தீபாவளி, பொங்கல், பள்ளித் திறப்பு என விற்பனை மிகுந்து, இரவு நெடுநேரம் நின்றுகொண்டே வேலை செய்த நாட்களை ஒட்டித்தான் வந்ததாம். பூச்சி ஏதும் கடிக்கவில்லை.

இனி, அவள் கேட்ட கேள்வி. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இரு வகைகள் உண்டு. இரண்டாம் வகை பெரும்பாலும் பாலுறவினால் பரவிப் பிறப்புறுப்பில் புண் உண்டாக்குவது. முதல் வகை பெரும்பாலும் உமிழ்நீராலும் உதட்டுத் தொடர்பாலும் பரவி வாயைச் சுற்றி வருவது. முதல் வகையும் சிலவேளை பிறப்புறுப்பில் தொற்றக்கூடும் என்பதை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் உதட்டில் ஒரு கொப்புளத்தைக் கண்டு ஒருவரின் நடத்தையைப் பற்றி முடிவு கட்டுவது அறியாமை. அதற்கும் மேலே, அநியாயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேர், அதாவது 100-க்கு 64 பேர், இந்த முதல் வகைக் கிருமியை உடலில் தாங்கியுள்ளனர். அவர்களுள் பலருக்கு ஒரு கொப்புளங்கூட வந்ததில்லை. தம்மிடம் அது இருப்பதையே அறியார். டம்ளரைத் தனியே எடுத்து வைத்தவளிடமும் அது உறங்கிக்கொண்டிருக்கலாம்!

பெரும்பாலோர்க்கு இது வந்த வழி எது? மழலைப் பருவத்தில் பாட்டியோ, அத்தையோ, தாய்மாமனோ கொடுத்த முத்தம், சோற்றை வாயில் வைத்துச் சூடு பார்த்து ஊட்டிய கை, அவ்வளவே.

அவ்வாறு முதன்முதலாகத் தொற்றும்போது பல குழந்தைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிலருக்குக் கடுமையாக இருக்கும். ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் திடீரெனக் காய்ச்சல், ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசிதல், வாய் முழுதும் சிறு புண்கள், ஓயாமல் எச்சில் ஒழுகுதல், உணவையும் நீரையும் மறுத்து அழுதல் ஆகியன காணின் 'பல் முளைக்கிறது' என்று விட்டுவிடலாகாது. இங்கே அஞ்சத்தக்கது புண் அன்று, நீர் குடியாமல் உடல் வறண்டுபோவது. ஆறிய கஞ்சியும் இளநீரும் சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். சிறுநீர் குறைந்தால் தாமதியாது மருத்துவரிடம் செல்லவேண்டும். விரல் சூப்பும் பிள்ளைக்கு விரல் நுனியிலும் கொப்புளம் வரலாம். நகச்சுற்று என்று எண்ணி எலுமிச்சம்பழத்தைச் செருகுவதும், ஊசியால் குத்திவிடுவதும் தீங்கையே பெருக்கும்.

வளர்ந்தவர்க்கு இது தொல்லை, பச்சிளங்குழந்தைக்கோ உயிராபத்து. பிறந்து நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை குழந்தையின் எதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைவு. அப்போது இக்கிருமி புகுந்தால் தோலோடு நில்லாமல் கல்லீரல், நுரையீரல், மூளை வரை பரவக்கூடும். பச்சிளங்குழந்தைக்கு வரும் இத்தொற்றில் பெரும்பகுதி பிரசவ வேளையில் தாயிடமிருந்து வருவது. ஏறத்தாழப் பத்தில் ஒன்று, பிறந்த பின்னர், கொப்புளத்தோடு கொஞ்சியவரிடமிருந்து வருவது. குழந்தை பால் குடிக்க மறுத்தல், வழக்கத்தினும் அதிகமாகத் துவண்டு உறங்குதல், காய்ச்சல் அல்லது உடல் சில்லிட்டுப்போதல், தோலிலோ கண்ணோரத்திலோ கொப்புளம், வலிப்பு — இவற்றுள் ஒன்றைக் காணினும் அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கொப்புளம் தோன்றாமலும் இந்நோய் வரும் என்பதை நினைவிற் கொள்க. நரம்பின் வழியே செலுத்தும் மருந்து உண்டு. இரண்டு அல்லது மூன்று வாரம் கொடுப்பர். முந்திக் கொடுத்தால்தான் பயன் மிகும்.

நாம் சட்டை வாங்கச் சென்ற அந்த ஞானஸ்நான விழாவிலேயே இதற்கொரு சோதனை வந்தது. கோவிலிலிருந்து வீடு திரும்பியதும் உறவினர் அனைவரும் குழந்தையைக் கைமாற்றிக் கொஞ்சினர். வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் மேலுதட்டில் அன்றலர்ந்த கொப்புளம் ஒன்று பளபளத்தது. குழந்தைக்கு இருபத்தைந்து நாள்தான். நாம் அவரைத் தனியே அழைத்துச் சொன்னோம். "எங்க வீட்டுப் பிள்ளையை நான் கொஞ்சப்படாதுங்களா?" என்று அவர் கேட்ட குரலில் கோபத்தினும் வருத்தமே மிகுந்திருந்தது. பந்தியிலும் அவர் நம் பக்கத்தில் அமரவில்லை. மறுநாள் குழந்தையின் தந்தைக்குத் தொலைபேசியில், புண் ஆறியதும் வருகிறேன் என்று சொன்னாராம். இந்த மனத்தாங்கலைப் பொறுத்துக்கொள்வது பெற்றோர்க்குக் கடினம். குறிப்பாக இளந்தாய்க்கு, மாமியார் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்ல நாவெழாது. ஆதலால் வீட்டுப் பெரியவர்களே, பாட்டியே, முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நலம்.

தாய்க்கே உதட்டில் கொப்புளம் வந்தால் தாய்ப்பாலை நிறுத்தவேண்டுவதில்லை. மார்பில் புண் இல்லாதவரை பால் கொடுக்கலாம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, வாயைத் துணியால் மறைத்து, பொருக்கு உதிரும்வரை முத்தத்தை மட்டும் தள்ளி வைத்தால் போதும்.

குழந்தைக்கு அடுத்தபடியாகக் காக்கவேண்டுவது கண். கொப்புளத்தைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்குவதனாலும், நரம்பின் கண்பக்கக் கிளை வழியே கிருமி இறங்குவதனாலும் கருவிழியில் புண் வரலாம். கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் சொந்தமாகச் சொட்டு மருந்து வாங்கி விடுதல் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அப்புண்ணைப் பன்மடங்கு பெருக்கிப் பார்வையையே கெடுத்துவிடும். நெடுநாள் கரப்பான் நோயுள்ள பிள்ளைகள், புற்றுநோய்க்கு மருந்து உண்போர், எதிர்ப்பு ஆற்றல் குறைந்தோர் ஆகியோரும் கொப்புளம் கண்டவுடன் மருத்துவரை நாடவேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண் எவருக்காயினும் காட்டப்படவேண்டியதே.

மருந்தைப் பற்றி: இதற்கு 'அசைக்ளோவிர்' என்னும் மருந்து 1970-களில் கண்டறியப்பட்டது. அதற்குப் பெருங்காரணமாயிருந்தவர் ஜெர்ட்ரூட் எலியன் என்னும் அமெரிக்க அம்மையார். பதினைந்து வயதில் தம் பாட்டனார் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டு மருந்தாராய்ச்சியில் புகுந்தவர். முனைவர் பட்டப் படிப்பை முடிக்க வாய்ப்பின்றியே உழைத்து 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். இம்மருந்தின் நுட்பம் வியக்கத்தக்கது. உடலின் நல்ல அணுக்களில் அது பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். வைரசு தன் பெருக்கத்திற்கெனச் செய்துகொள்ளும் ஒரு நொதிதான் இம்மருந்தை முடுக்கிவிடுகிறது. திருடன் செய்த கள்ளச்சாவியே அவனைச் சிறையில் பூட்டுவதுபோல! ஆயினும் நரம்பு முடிச்சில் உறங்குவதை இது தொடுவதில்லை. ஆகவே அடியோடு நீக்கும் மருந்தும், வராமல் தடுக்கும் ஊசியும் இன்றுவரை இல்லை. குறுகுறுப்புத் தோன்றிய முதல் நாளே தொடங்கினால் புண் ஓரிரு நாள் முந்தி ஆறும். பொருக்குக் கட்டியபின் களிம்பு தடவுவதில் பயன் இல்லை. அடிக்கடி வருபவர்க்கு மாத்திரையை நெடுநாள் கொடுப்பதும் உண்டு. அதனை மருத்துவர் முடிவு செய்யட்டும். மற்றையோர்க்கு மருந்தின்றியும் ஆறும்.

இளமையில் நமக்கும் தேர்வுக் காலந்தோறும் இது வருவதுண்டு. ஒருமுறை ஒரு மருந்துக்கடையில் 'எல்லாப் புண்ணுக்கும் ஆகும்' என்று தந்த களிம்பைப் பூசி, மிளகளவு கொப்புளத்தை மோவாய் வரை படரவிட்டுக்கொண்டோம். அதிலிருந்தது ஸ்டீராய்டு என்பது பின்னரே தெரிந்தது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. சுண்ணாம்பு, பற்பசை ஆகியவற்றைத் தடவுவதும் தோலைப் புண்ணாக்குமேயன்றி வேறில்லை. குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை ஒற்றி எடுப்பதும், வெடிக்காமலிருக்க வாசலைன் தடவுவதும், வெயிலில் செல்கையில் உதட்டை மறைப்பதும் போதுமானவை.

பிறர்க்குப் பரவாமல் காப்பதில் நம் பாட்டிமார் நமக்கு முன்னே நின்றனர் என்று சொல்லவேண்டும். எச்சில் என்னும் ஒரே சொல்லில் அவர்கள் அடக்கி வைத்தது பெரிய சுகாதார விதி. செம்பை உதட்டில் வைக்காது அண்ணாந்து குடித்தல், ஒருவர் கடித்ததை மற்றவர்க்குக் கொடாமை ஆகியன இன்று மருத்துவர் சொல்வதினின்று வேறுபட்டவையல்ல. அந்த வழக்கத்தைச் சாதி வேற்றுமைக்குக் கருவியாக்கியது நம் சமூகத்தின் பாவம், அது தனிக்கதை. கொப்புளம் உள்ள நாட்களில் டம்ளர், துண்டு, உதட்டுச்சாயம், சவரக்கத்தி ஆகியவற்றைப் பகிராதிருக்கவேண்டும். தையலில் இருப்போர் நூலைப் பல்லால் கடித்து, எச்சிலில் நனைத்து ஊசியில் கோத்துவிட்டு அந்தக் கையாலேயே கண்ணைத் துடைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்ய வரும்போது உதட்டில் புண் இருந்தால் தலைவணங்கிச் செல்லலாம். திருச்சபை அதனையும் வணக்கமாக ஏற்கிறது. ஆனால் இவையெல்லாம் கொப்புளம் உள்ளவர் தாமே மேற்கொள்ளும் காவல். ஆண்டு முழுதும் ஒருவரின் டம்ளரைப் பிறர் ஒதுக்கி வைப்பதற்கு மருத்துவத்தில் இடமே இல்லை. கொப்புளம் இல்லாத நாட்களிலும் சிறிதளவு கிருமி உமிழ்நீரில் வருவது உண்மை. அவ்வாறு வருவது நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பொதுவான செய்தி.

சென்ற வாரம் அளவு மாற்றவேண்டிய ஒரு சட்டையோடு அக்கடைக்கு மீண்டும் சென்றோம். உதடு முற்றும் ஆறியிருந்தது. அன்னையும் வந்திருந்தார், அவரிடமும் இவற்றையெல்லாம் சொன்னோம். நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட எண்ணியிருந்தவர், நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, தமக்கும் இளவயதில் உதட்டில் இப்படி வந்ததுண்டு என்றும், மகளைப் பேறு முடிந்து தூக்கிய நாள் முதல் கொஞ்சாத நாளில்லை என்றும் சொன்னார். நாள் மாறவில்லை. குடத்தின் அருகே தனி டம்ளர் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடைவாய்ப் புண்ணைப் பற்றியும் அன்பர் சிலர் கேட்டிருக்கின்றனர். அதனை அடுத்த இதழில் காண்போம்.